கூடம்தான் கோணல்!
காதைக் குத்தும் ஸ்பீக்கரை வழிக்குக் கொண்டுவர சில யோசனைகள்

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நம் பழமொழி. தன் குறையை மறைக்க இடத்தின் மேல் பழி போடுகிறவர்களைக் கேலி செய்யச் சொல்வது. ஆனால் வீட்டில் பாட்டுக் கேட்கிற விஷயத்தில் மட்டும் இந்தப் பழமொழியைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. இங்கே ஆடுகிறவள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் ஆடுகிறாள். கூடம்தான் கோணல்!

சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டையும் புனித மரியன்னை பசிலிக்காவையும் சுற்றியுள்ள தெருக்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கே எஞ்சியிருக்கும் பழைய வீடு ஒன்றில் நுழைந்து பாருங்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புக் காரை பூசிய சுவர், கூடத்திலேயே ஒரு கட்டில், அதன்மேல் இலவம் பஞ்சு மெத்தை, கொடியில் துணிகள், மூலையில் சுருட்டி வைத்த படுக்கைகள். அதே மனையில் இடித்துக் கட்டிய புது வீட்டைப் பாருங்கள். கான்கிரீட் தளம், பட்டி வைத்து வழவழப்பாக்கிப் பெயின்ட் அடித்த சுவர், கண்ணாடி போல் பளபளக்கும் டைல்ஸ் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல், சுவரில் அகலமான டி.வி. பார்க்க எடுப்பாக இருக்கிறது. ஆனால் பழைய வீட்டில் இனிமையாகப் பாடிக்கொண்டிருந்த அதே செட் இங்கே வந்ததும் "காதைக் குத்துகிறது" என்கிறார்கள். உடனே "ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்று பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கப் புறப்பட்டுவிடுகிறோம். புது ஸ்பீக்கரும் அதே அறைக்குத்தான் வருகிறது. சில மாதங்களில் அதுவும் குத்துகிறது. கடைசியில் பாட்டுக் கேட்கும் பழக்கமே வீட்டில் நின்றுபோகிறது. இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

குத்துவது எது?

நல்ல காதுள்ள இளைஞர் ஒருவருக்கு 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிடார் முதலியவை இதன் கீழ்ப்பகுதியில் ஒலிப்பவை. பாடகரின் குரலுக்கு அடிப்படையான சுருதி நடுப்பகுதியில் இருக்கிறது. டிரெபிள் என்று நாம் சொல்வது ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை. ஜால்ராவின் கிணுகிணுப்பு, வீணைத் தந்தியை மீட்டும் நகத்தின் ஒலி, வயலினில் வில் உரசும் ஒலி, பேச்சில் ச, ஸ, ஷ ஆகிய ஒலிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. இவை இல்லாவிட்டால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். சொற்கள் புரியாது.

ஆகவே டிரெபிள் நமக்குப் பகை அல்ல. அது மிஞ்சும்போதுதான் தொல்லை. அதிலும் நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில்தான் மிகவும் கூர்மையானது. குழந்தை வீறிட்டு அழும் சத்தம் நம்மை உலுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தப் பகுதியில் 3 டெசிபெல் கூடினாலே காது கண்டுகொள்ளும். இதற்குச் சற்று மேலே 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை கூடினால் 'ச' எல்லாம் பாம்பு சீறுவது போல் கேட்கும்.

நால்வரில் யார் குற்றவாளி?

சந்தேகப்பட வேண்டியவர்கள் நான்கு பேர்: ஒலிப்பதிவு, கருவி, அறை, காது. ஒவ்வொருவராக விசாரிப்போம்.

முதலில் ஒலிப்பதிவு. ஒரே ஒரு பாட்டு மட்டும் குத்தினால் குற்றம் அந்தப் பதிவில்தான். எல்லாமே குத்தினால்தான் மேற்கொண்டு ஆராய வேண்டும். சோதனைக்கு நன்கு பழகிய மனிதக் குரலே சிறந்தது. 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் நம் வீடுகளில் பலருக்கும் மனப்பாடம். வடமொழி ஆகையால் ஸ, ஷ ஒலிகளும் அதில் நிறைய உண்டு. அந்தக் குரலே உங்கள் வீட்டில் சீறினால் பதிவைக் குறை சொல்ல முடியாது.

பழைய சரக்குகளை வைத்திருப்போருக்கு இரண்டு எச்சரிக்கைகள். 'டால்பி பி' முறையில் பதிவான கேசட்டை டால்பி வசதி இல்லாமல் ஓட்டினால் டிரெபிள் தூக்கலாகத்தான் கேட்கும். அதுபோலவே எல்.பி. இசைத்தட்டு. 1954-ல் ஏற்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி இசைத்தட்டில் டிரெபிளை வேண்டுமென்றே உயர்த்தியும் பேஸைக் குறைத்தும் பதிக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையரில் உள்ள 'போனோ' பகுதி அதைத் திருப்பிச் சரிசெய்யும். 10,000 ஹெர்ட்ஸில் மட்டும் இந்த வித்தியாசம் 13.7 டெசிபெல். காந்த வகை ஊசி உள்ள பிளேயரை 'ஆக்ஸ்' துளையில் நேராகச் செருகினால் சத்தம் சன்னமாகவும் கீச்சென்றும் வருவது இதனால்தான். அண்மைக்காலத்தில் தாத்தாவின் இசைத்தட்டுகளைத் தூசி தட்டி எடுக்கும் பேரப்பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, கருவியா அறையா? இதைக் கண்டுபிடிக்கக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு மாலை நேரத்தில் ஸ்பீக்கரை மொட்டை மாடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். சுவர்களை விட்டுத் தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்து, மிதமான சத்தத்தில், அதே பாட்டைக் கேளுங்கள். திறந்த வெளியில் பேஸ் குறைந்துதான் கேட்கும். அதைப் பொருட்படுத்தாமல் 'ச' ஒலிகளை மட்டும் கவனியுங்கள். அங்கேயும் சீறினால் ஸ்பீக்கரில் குறை. அங்கே அடங்கிப்போய் அறைக்குள் வந்ததும் சீறினால் அறையில் குறை. கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டியும் பாருங்கள். தட்டிய பிறகு "டிர்ர்ர்" என்று ஒரு அதிர்வு தொடர்ந்தால், எதிரெதிரே உள்ள இரண்டு வெறும் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள்.

சபைனும் மெத்தைகளும்

இந்த அறை விவகாரத்தை முதன்முதலில் கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாலஸ் கிளெமென்ட் சபைன். அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசினால் ஒரு சொல் அடங்க ஐந்து வினாடிக்கு மேல் பிடித்தது. பேசுகிறவர் அடுத்த பல சொற்களைச் சொல்லி முடிக்கும் வரை முதல் சொல் மிதந்துகொண்டே இருக்கும். 1895-ல் இதைச் சரிசெய்யும் பொறுப்பு இளைஞரான சபைனிடம் வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து நாடக அரங்கின் நாற்காலி மெத்தைகளைத் தூக்கி வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறைய எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். பின்னர் 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் ஆலோசனைப்படி கட்டப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசை அரங்குகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

அவர் கண்ட விதி எளியது. அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்களின் மொத்த உறிஞ்சும் திறனால் வகுத்தால், ஒலி பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய ஆகும் வினாடிகள் கிடைக்கும். உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல்! அதன் வழியே போன ஒலி திரும்பி வராது; எனவே அது முழு உறிஞ்சல். சிவாஜிநகரில் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டே உள்ளே வந்துவிடும் என்பதால் இந்த வைத்தியம் நமக்கு ஒத்துவராது. வேறு வழி பார்ப்போம்.

12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு கூடம். கன அளவு சுமார் 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 63 சதுர மீட்டர். வழவழப்பான பூச்சும் டைல்ஸும் டிரெபிளில் நூற்றுக்கு 3 பங்குதான் உறிஞ்சும். இதனுடன் அறைக் காற்றும் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளும் உறிஞ்சுவதைச் சேர்த்தாலும் மொத்தம் 3 சதுர மீட்டர் அளவுதான். கணக்குப் போட்டால் ஒலி அடங்க ஏறத்தாழ 1.8 வினாடி. இனி இந்தக் கூடத்தில் கனத்த திரைச்சீலை ஒன்றும், தடித்த ஜமக்காளம் ஒன்றும், மெத்தை போட்ட திவான் ஒன்றும் போடுங்கள். உறிஞ்சும் திறன் 8 சதுர மீட்டருக்கு மேல் போய்விடும். ஒலி அடங்கும் நேரம் சுமார் 0.6 வினாடியாகக் குறையும். சிறிய அறைக்கு இக்கணக்கு தோராயமானதுதான். ஆனாலும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது பாருங்கள்! ஸ்பீக்கரைத் தொடவே இல்லை.

பழைய வீட்டின் ரகசியமும் இதுதான். மெத்தையும் துணியும் படுக்கையும் நாம் அறியாமலே அங்கே ஒலியை உறிஞ்சிக்கொண்டிருந்தன. புது வீட்டுக்கு மாறும்போது அவற்றையெல்லாம் அலமாரிக்குள் போட்டு மூடிவிட்டோம்.

காசில்லாத வைத்தியம்

முதலில் ஸ்பீக்கர் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பேஸ் ஒலி குத்துவிளக்கின் வெளிச்சம் போல் எல்லாப் பக்கமும் பரவும். டிரெபிள் டார்ச் லைட் போல் நேராகப் பாயும். ட்வீட்டர் உங்கள் காதை நேராகக் குறி பார்த்தால் டிரெபிள் மிகுதியாகக் கேட்கும். ஸ்பீக்கரைச் சிறிது வெளிப்பக்கம், பதினைந்து இருபது டிகிரி, திருப்பிப் பாருங்கள். பல வீடுகளில் இதுவே போதும். ஸ்பீக்கர் அறையின் நடுப்பகுதிக்கு வந்திருந்தால் பின்சுவரை நோக்கிச் சற்று நகர்த்துங்கள். பேஸ் கூடி, டிரெபிள் தானாகவே அடங்கியது போல் தோன்றும்.

இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலும், கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்கு அருகிலும் ஸ்பீக்கரை வைக்க வேண்டாம். அவை ஒலியைத் திருப்பி அடிப்பதோடு தாமும் சேர்ந்து அதிரும்.

பிறகு ஒரு முகக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் வேறொருவர் அந்தக் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் ஒலி சுவரில் பட்டு உங்கள் காதுக்கு வருகிறது. அங்கே ஒரு கனத்த துணியைத் தொங்கவிடுங்கள். அல்லது புத்தக அலமாரியை நகர்த்தி வையுங்கள். புத்தகங்கள் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், மீதியைச் சிதறடிக்கும். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். கோரைப்பாய் மெல்லியது, அதனால் பயன் குறைவு.

முட்டை அட்டைகளைச் சுவர் முழுவதும் ஒட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தெர்மோகோல் ஒட்டுவோரும் உண்டு. இரண்டும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். தீப்பிடித்தால் பெரும் ஆபத்து. விளக்கும் ஊதுவத்தியும் ஏற்றும் வீடுகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

குமிழைத் திருகலாமா?

தாராளமாகத் திருகலாம். டிரெபிள் குமிழைத் தொடுவது பாவம் என்று நினைக்கும் ஹை-ஃபை பக்தர்கள் சிலர் இருக்கிறார்கள். பீட்டர் பாக்ஸண்டல் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1952-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் வெளியிட்ட சுற்றுதான் பிற்காலத்தில் உலகெங்கும் கோடிக்கணக்கான ஆம்ப்ளிஃபையர்களில் பேஸ், டிரெபிள் குமிழ்களாக அமைந்தது. அறைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரேயடியாகக் குறைக்காமல் சிறிது சிறிதாகத் திருகி, ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டு முழுவதும் கேட்டு முடிவு செய்யுங்கள். டி.வி.யிலோ கைபேசியிலோ ஈக்வலைசர் இருந்தால் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபெல் குறைத்தால் போதும். 'ராக்', 'கிளியர் வாய்ஸ்' போன்ற ஆயத்த அமைப்புகள் போடப்பட்டிருந்தால் முதலில் அவற்றை நீக்குங்கள்.

ஸ்பீக்கரே குற்றவாளி என்றால்

அதற்கும் உலகப் புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1978-ல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வீட்டு உபயோகத்துக்கென்று என்.எஸ்.-10 என்ற ஸ்பீக்கரை வெளியிட்டது. வெள்ளை வூஃபரைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். டிரெபிள் தூக்கல் என்று வீட்டில் கேட்டவர்களிடம் பெயரெடுக்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவின் குறைகளைக் காட்டிக் கொடுக்கிறது என்று ஸ்டுடியோக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். அவர்களாலும் அந்தக் கூர்மையைத் தாங்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ட்வீட்டரின் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டிக்கொண்டார்கள்! பெரிய பெரிய ஸ்டுடியோக்களில் இது நடந்தது. கடைசியில் 1987-ல் யமஹாவே டிரெபிளைத் தணித்து ஸ்டுடியோவுக்கென்று தனி மாடலை வெளியிட்டது.

நீங்களும் ட்வீட்டர் முன்னால் மெல்லிய துணி ஒன்றைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். குத்தல் குறைந்து நிம்மதி கிடைத்தால் ட்வீட்டரைத் தணிப்பதுதான் வழி என்று உறுதியாகும். பிறகு அதை முறையாகச் செய்துகொள்ளலாம்.

உள்ளூரில் பூட்டிய பெட்டிகளில் வழக்கமாக உள்ள குறை இது: வூஃபரின் உணர்திறன் 88 டெசிபெல், ட்வீட்டரின் உணர்திறன் 91 அல்லது 92 டெசிபெல். இரண்டையும் ஒரு கண்டென்சரால் இணைத்து விட்டுவிடுகிறார்கள். ட்வீட்டர் எப்போதும் ஒரு படி முந்திக்கொண்டு கத்தும். இதற்கு 'எல்-பேட்' என்ற இரண்டு ரெசிஸ்டர் போதும். 8 ஓம் ட்வீட்டருக்குக் கணக்கு இதோ: கிராஸ் ஓவரிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரில் தொடராக 2.2 ஓம், அதன்பின் ட்வீட்டரின் இரு முனைகளுக்குக் குறுக்கே 18 ஓம். டிரெபிள் ஏறத்தாழ 3 டெசிபெல் குறையும். மொத்த மின்தடை 8 ஓமுக்கு அருகிலேயே இருப்பதால் கிராஸ் ஓவரின் வேலை கெடாது. இரண்டும் 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டராக இருக்கட்டும். பீசோ வகை ட்வீட்டருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

வேண்டிய பொருள்கள் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். ஜாலஹள்ளி பி.இ.எல். தொழிற்சாலை வால்வும் டிரான்சிஸ்டரும் செய்து நாட்டுக்கே அனுப்பிய ஊர் இது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு உதவுவார். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வேலை செய்ய வேண்டும். கரண்ட் நேராக உள்ளே போகும் 'ஆக்டிவ்' ஸ்பீக்கரைப் பழக்கமில்லாதவர்கள் திறக்கவே கூடாது.

கடைசியாக, காது

பல வீடுகளில் சச்சரவே இங்கேதான். அப்பா டிரெபிளைக் கூட்டுகிறார். மகள் தலைவலிக்கிறது என்று குறைக்கிறாள். இருவர் சொல்வதும் உண்மை. வயது ஏற ஏற முதலில் மங்குவது மேல்ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். அறுபது வயதில் பலருக்கு 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே இல்லை. ச, ஸ, த போன்ற ஒலிகள் மங்கிப்போவதால் சொற்கள் புரியாமல் டிரெபிளைத் தூக்குகிறார்கள். அதோடு, செவித்திறன் குறைந்த சிலருக்கு ஓரளவுக்கு மேல் சத்தம் உயர்ந்தால் மற்றவர்களைவிட அதிகமாகவே வலிக்கும். "கேட்கலே, சத்தமா வை" என்றவரே மறுநிமிடம் "ஏன் இப்படிக் கத்துது?" என்பதை முரண்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

இதற்கு மருந்து டிரெபிள் குமிழில் இல்லை. எதிரொலி மிகுந்த அறையில் சொற்களைப் பிரித்தறிவது முதியவர்களுக்கு இன்னும் கடினம். மேலே சொன்ன திரைச்சீலையும் ஜமக்காளமும் மகளின் தலைவலியைத் தீர்ப்பதோடு அப்பாவுக்குச் சொற்களையும் தெளிவாக்கும். அவருடைய நாற்காலியை ஸ்பீக்கருக்கு அருகில் போடுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் செவித்திறன் சோதனைக்கு அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள். நம் மாநிலத்திலேயே மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம் இருக்கிறது. இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் சராசரி 80 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காதில் தொடர்ந்து 'கிர்ர்' என்று இரைச்சல் கேட்டாலோ, பழகிய குரல்களே திடீரென்று கரகரத்தாலோ ஸ்பீக்கரைப் பார்ப்பதற்கு முன் காது மருத்துவரைப் பாருங்கள்.

எங்கே நிறுத்துவது?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. துணியும் மெத்தையும் டிரெபிளைத்தான் உறிஞ்சும், பேஸைத் தொடாது. அறை முழுவதையும் துணியால் மூடினால் பாட்டு குடத்துக்குள்ளிருந்து கேட்பது போல் ஆகிவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முதல் நாள் ஸ்பீக்கரின் கோணம், மறுநாள் ஜமக்காளம், அதற்கடுத்த நாள் சுவரில் துணி, பிறகு குமிழ். ரெசிஸ்டர் கடைசியில்தான். எந்தப் படியில் குத்தல் நிற்கிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவு பார்க்க ஜால்ரா இருக்கிறது. பஜனைப் பாட்டு ஒன்றைப் போட்டு ஜால்ரா ஒலியைக் கவனியுங்கள். அது காதில் ஊசியாக இறங்கினால் இன்னும் வேலை பாக்கி. மரக்கட்டையைத் தட்டுவது போல் கேட்டால் அளவு மீறிவிட்டது. ஒரு துணியை எடுத்துவிடுங்கள். வெண்கலம் வெண்கலமாகவே ஒலித்து, பாடுகிறவரின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டு, முழு கேசட்டும் ஓடி முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை என்றால் உங்கள் கூடத்தின் கோணல் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.